ட்ரெய்லருக்கு டயர் வாங்கும் முன்: எடை, காற்று, வயது

பயண ட்ரெய்லருக்கு டயர் மாற்ற வேண்டுமென்றால் முதலில் போக வேண்டிய இடம் டயர் கடை அல்ல, எடை மேடை. மாதவரம், மணலி, செங்குன்றம் என்று லாரிகள் வரிசைகட்டி நிற்கும் பகுதிகளில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. அங்கே கொடுக்கும் சீட்டு கையில் இல்லாமல் கடைக்குப் போய் "ட்ரெய்லருக்கு நல்ல டயரா கொடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் டிஸ்க் (டயர் ஏறி உட்காரும் உலோகச் சக்கரம்) அளவைப் பார்ப்பார், அதில் ஏறும் டயரை எடுத்துப் போடுவார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் பொருந்துவது வேறு, தாங்குவது வேறு.

பயண ட்ரெய்லர் என்று நான் சொல்வது காருக்குப் பின்னால் உள்ள இணைப்புக் கொக்கியில், அதாவது ஹிட்ச்சில், மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீட்டை. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, சில வண்டிகளில் குளியலறைகூட இருக்கும். சென்னையில் கேரவன் என்றால் படப்பிடிப்புக்கு வரும் பெரிய வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது தானே ஓடும் வண்டி. நாம் பேசுவது இன்ஜினே இல்லாத, இழுபடும் வண்டியைப் பற்றி.

இழுபடும் வண்டியின் டயருக்கு வேலை ஒன்றுதான்: சுமப்பது. காரின் முன்சக்கரம் திரும்புகிறது, இன்ஜின் சுழற்றும் சக்கரம் தரையைப் பிடித்து வண்டியைத் தள்ளுகிறது. அதனால்தான் கார் டயரில் பிடிமானம், மென்மையான ஓட்டம், சத்தம் குறைவு என்பதற்கெல்லாம் மதிப்பு. ட்ரெய்லர் டயர் திரும்புவதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. மணிக்கணக்கில் முழு எடையையும் தாங்கிக்கொண்டு உருளவேண்டும், அவ்வளவுதான். சக்கரங்களைத் தாங்கும் அச்சு இரண்டு உள்ள, இரட்டை ஆக்சில் வண்டியாக இருந்தால் இன்னொரு கஷ்டமும் உண்டு. குறுகலான தெருவில் ஒடித்துத் திருப்பும்போது நான்கு டயர்களும் ஒரே வளைவில் போக முடியாமல் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு இழுபடும். அந்த நேரத்தில் பின்னால் நின்று பார்த்தால் டயரின் பக்கச் சுவர் முறுக்கிக்கொண்டு பிதுங்குவது கண்ணுக்கே தெரியும். ஆகவே ட்ரெய்லர் டயருக்குப் பக்கச் சுவர் உறுதியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. காரில் ஒரு டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். ட்ரெய்லரில் அந்தச் செய்தி ஓட்டுபவர் கைக்கு வந்து சேர்வதே இல்லை. காற்றில்லாத டயரோடு பல கிலோமீட்டர் போன பிறகு, பக்கத்தில் வரும் பைக்காரர் கையைக் காட்டிச் சொன்னால்தான் தெரியும். அதற்குள் டயர் கிழிந்து அதன் துண்டுகள் ட்ரெய்லரின் அடித்தளத்தையும், அங்கே ஓடும் வயர்களையும், தண்ணீர்க் குழாயையும் அடித்து நொறுக்கியிருக்கும். வண்டி ஆடத் தொடங்கினால் காரையும் சேர்த்து இழுத்துவிடும்.

எடையை அறிவது எப்படி

பயணத்துக்குப் போகும்போது என்னென்ன எடுத்துப்போவீர்களோ அத்தனையையும் ஏற்றிக்கொண்டு எடை மேடைக்குப் போங்கள். காலி வண்டியின் எடை இங்கே பயன்படாது. தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 100 கிலோ கூடிவிட்டது. அதோடு "எதற்கும் இருக்கட்டும்" என்று நான்கு கேன் தண்ணீர் வைத்தால் இன்னொரு 80 கிலோ. இன்வெர்ட்டர் பேட்டரி, ஏசி, மடக்கு நாற்காலிகள், பாத்திரம், அரிசி, மெத்தை எல்லாம் கணக்கில் வரும். வண்டியைக் கட்டிக் கொடுத்தவர் சொன்ன எடைக்கும் குடும்பத்தோடு கிளம்பும் நாளின் எடைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும்.

எடை மேடையில் மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். முதலில் ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றி, தனியாக மேடையில் நிறுத்தி மொத்த எடை. அடுத்து, காரில் மாட்டிய நிலையில், கார் மேடைக்கு வெளியிலும் ட்ரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையிலும் நிற்கும்படி ஓர் எடை. இதுதான் ஆக்சில்மேல் உண்மையில் இறங்குவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஹிட்ச் வழியாகக் காரின்மேல் இறங்கும் எடை. மூன்றாவது, மேடையின் ஓரம் தரையோடு சமமாக இருந்தால், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஓர் அளவு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் ட்ரெய்லருக்குள் எடை இரண்டு பக்கமும் சமமாக இருப்பது அபூர்வம். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் இடப்பக்கம் இருந்தால் இடது டயர் அதிகம் சுமக்கும். வாங்கும் டயர் அந்த அதிகச் சுமைக்குத் தாங்க வேண்டும், சராசரிக்கு அல்ல.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒற்றை ஆக்சில் வண்டி, மொத்த எடை 1,200 கிலோ. ஹிட்ச்சில் 120 கிலோ இறங்குகிறது, ஆக்சில்மேல் 1,080. அதில் இடது சக்கரம் 580, வலது சக்கரம் 500. இப்போது நமக்கு வேண்டிய எண் 580. அதை டயரின் முழுத் திறன் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும், வளைவில் வண்டி சாயும்போதும் அந்தச் சுமை சட்டென்று கூடும். அதனால் டயரின் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 580-ஐ 0.8-ஆல் வகுத்தால் 725. ஒவ்வொரு டயரும் குறைந்தது 725 கிலோ தாங்க வேண்டும்.

சிலர் ஆக்சிலின் பாரத்தைக் குறைக்கிறேன் என்று சாமான்களையெல்லாம் ஒரே கோடிக்குத் தள்ளுவார்கள். பின்கோடியில் பாரம் சேர்ந்தால் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும். அது டயர் வெடிப்பதைவிட மோசம். கனமான சாமான்கள் ஆக்சிலுக்கு நேர்மேலேயும் கொஞ்சம் முன்னாலும், தரையை ஒட்டியே இருக்கட்டும்.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிப்பது

சரி, 725 கிலோ தாங்கும் டயர் எது? டயரே சொல்லும். சின்ன சரக்கு வண்டிகளில் பரவலாக இருக்கும் ஓர் அளவை எடுத்துக்கொள்வோம்: 185 ஆர் 14 சி, 102/100 ஆர், 8 பிஆர். இதில் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ஆர் என்றால் ரேடியல், அதாவது உள்ளே இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நேராக ஓடும் வகை. 14 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். சி என்றால் சரக்கு வண்டிக்கான வகை; இந்தியாவில் தயாராகும் டயர்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் எல்டி என்று இருக்கும்.

அடுத்து வரும் 102/100 தான் நாம் தேடுவது. இது கிலோ இல்லை, ஒரு குறியீட்டு எண். 102 என்றால் 850 கிலோ. 100 என்றால் 800 கிலோ. இரண்டு எண் ஏன்? லாரியின் பின்பக்கம்போல ஒரே பக்கத்தில் இரண்டு டயர்களை ஒட்டி மாட்டினால் ஒவ்வொன்றுக்கும் கணக்கிட வேண்டிய திறன் இரண்டாவது எண். நம் ட்ரெய்லரில் பக்கத்துக்கு ஒற்றையாக மாட்டுவதால் முதல் எண்ணைப் பார்த்தால் போதும். நமக்கு வேண்டிய 725-க்கு 97 என்ற குறியீடே, அதாவது 730 கிலோ, போதுமானது. 102 இருந்தால் நிம்மதி.

இப்போது இதே 14 அங்குல டிஸ்க்கில் ஏறும் ஒரு கார் டயரைப் பார்ப்போம்: 165/80 ஆர் 14, 85 டி. இதில் 85 என்றால் 515 கிலோ. இரண்டு டயர்களையும் சேர்த்தால் 1,030. நம் ஆக்சிலின் எடையோ 1,080. வண்டி நிற்கும்போதே டயர்கள் அளவுக்கு மீறிச் சுமக்கின்றன. இதுவும் போதாதென்று, கார் டயரை ட்ரெய்லரில் போட்டால் அதன் திறனை 1.1-ஆல் வகுத்துத்தான் கணக்கிட வேண்டும் என்கின்றன அமெரிக்க விதிகள். அப்படிப் பார்த்தால் 515 என்பது 468 ஆகிவிடும். வீட்டில் சும்மா கிடக்கும் கார் டயரை ட்ரெய்லரில் மாட்டுவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

சுமைக் குறியீட்டுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்து வேகத்தைச் சொல்லும். எல் என்றால் 120 கிலோமீட்டர், கியூ 160, ஆர் 170, டி 190. ட்ரெய்லரோடு 80-ஐத் தாண்டாமல் போவதே நல்லது என்பதால் இதைப்பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 8 பிஆர் என்பது டயர்க்கூட்டின் வலிமையைக் குறிக்கும் எண். ஒரு காலத்தில் உள்ளே எத்தனை அடுக்குத் துணி இருக்கிறது என்பதை அது சொன்னது. இன்றைய ரேடியலில் அவ்வளவு அடுக்குகள் இருக்காது.

அமெரிக்காவில் ட்ரெய்லருக்கென்றே தனி டயர் வகை உண்டு. அளவின் முன்னால் எஸ்டி என்று பொறித்திருக்கும். நம்மூர்க் கடைகளில் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும். கிடைக்கவில்லையே என்று வருந்தத் தேவையில்லை. சின்ன சரக்கு வண்டிகளுக்கான சி வகை, எல்டி வகை ரேடியல்கள் இதே வேலைக்குத் தகுந்தவைதான். பக்கச் சுவர் கெட்டியாக இருக்கும், அதிகக் காற்றழுத்தம் தாங்கும், எந்த ஊரில் பஞ்சரானாலும் மாற்று கிடைக்கும். இந்தக் கடைசிக் காரணமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. திண்டிவனத்துக்கு அப்பால் ஞாயிற்றுக்கிழமை மதியம் டயர் போய்விட்டால், கிடைக்காத அளவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடையில் நைலான் டயரையும் காட்டுவார்கள். இழைகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பழைய வகை அது. விலை குறைவு, முள்ளுக்கும் கல்லுக்கும் அஞ்சாது. ஆனால் நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓடும்போது ரேடியலைவிட அதிகமாகச் சூடாகும். பயண ட்ரெய்லருக்கு ரேடியலே என் தேர்வு. எதை எடுத்தாலும் ஒரே ஆக்சிலில் இரண்டையும் கலக்கவே கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சரக்கு வண்டி டயருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 15636, கார் டயருக்கு ஐஎஸ் 15633. அந்த எண்ணைப் பார்த்தே எந்த வகை டயர் என்று தெரிந்துகொள்ளலாம். ரீட்ரெட் செய்ததும் (பழைய டயரில் புது மேல்பட்டை ஒட்டியது), செகண்ட் ஹேண்டும் ட்ரெய்லருக்கு வேண்டாம். பட்டன், அதாவது தரையைத் தொடும் பட்டையில் உள்ள வெட்டுகள், எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும், முந்தைய வண்டியில் அது காற்றில்லாமல் எத்தனை தூரம் ஓடியது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

காற்று

டயரைக் கொல்வது பெரும்பாலும் ஆணி அல்ல, சூடு. ஒரு கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்திப் பாருங்கள், மடங்கும் இடம் கையைச் சுடும். டயரின் பக்கச் சுவரும் தரையைத் தொடும்போது மடங்கி, மேலே போகும்போது நிமிர்கிறது. 185 ஆர் 14 டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 490 தடவை சுற்றும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்தில் 39,000 மடங்கலுக்கு மேல். காற்று சரியாக இருந்தால் ஒவ்வொரு மடங்கலும் சிறியது. உண்டாகும் சூடு காற்றோட்டத்திலேயே போய்விடும். காற்று குறைந்தாலோ எடை கூடினாலோ மடங்கல் பெரிதாகி, சூடு வெளியேறுவதைவிட வேகமாகச் சேர்கிறது. ஒரு கட்டத்தில் ரப்பரும் உள்ளே இருக்கும் எஃகுப் பின்னலும் பிரிந்து, மேல்பட்டை உரிந்து பறக்கிறது. கத்திரி வெயிலில் தார்ச்சாலையே கொதிக்கும்போது இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

எவ்வளவு காற்று? ட்ரெய்லரைச் செய்தவர் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள அளவு முதலில். அது இல்லாவிட்டால் டயர் நிறுவனம் தரும் சுமை-அழுத்த அட்டவணை. இரண்டும் கிடைக்கவில்லை என்றால், பக்கச் சுவரில் எழுதியுள்ள உச்ச அழுத்தத்தையே வைத்துக்கொள்வது ட்ரெய்லர் வைத்திருப்பவர்களிடம் நெடுநாளாக உள்ள வழக்கம். நம் உதாரண டயருக்கு அது 65 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). இங்கே ஒரு எச்சரிக்கை. காற்று பிடிக்கும் இடத்தில் இருப்பவர் பார்ப்பது கார் அளவுச் சக்கரத்தை. கை பழக்கத்தில் 35 அடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். 35 பிஎஸ்ஐயில் அந்த டயரின் திறன் 850 கிலோவிலிருந்து வெகுவாகக் குறைந்துவிடும். பக்கத்தில் நின்று "அண்ணே, இதுக்கு 65" என்று சொல்லி, உங்கள் சொந்த கேஜை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு காற்றுக்கு லாரிகளுக்குக் காற்று பிடிக்கும் பஞ்சர் கடைகள் வசதி.

அழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், வெயிலும் படக் கூடாது. சென்னையில் இதற்கு ஏற்ற நேரம் விடியற்காலை. எட்டு மணிக்குப் பார்த்தால் கிழக்குப் பார்த்த பக்கத்து டயரில் கேஜ் கூடுதலாகக் காட்டும், நிழல் பக்கம் குறைவாகக் காட்டும். இரண்டையும் சமமாக்குகிறேன் என்று காற்றை இறக்கினால் வம்பு. 65 பிஎஸ்ஐ உள்ள டயர் 15 டிகிரி சூடானால் ஏறத்தாழ 4 பிஎஸ்ஐ ஏறும். அது இயல்பு. வழியில் நிறுத்தி, கூடிய காற்றை வெளியே விடக் கூடாது. விட்டால் மறுநாள் காலை டயர் குறைந்த காற்றோடு கிளம்பும். நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு இருந்தால் அதை டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவியில் போடுங்கள். வால்வில் திருகும் சின்ன சென்சார், காரின் டேஷ்போர்டில் ஒரு திரை. ஓட்டுபவருக்கு வந்து சேராத செய்தியை இது கொண்டு வந்து சேர்க்கும். ட்ரெய்லருக்கு இதை நான் வசதிப் பொருளாகவே நினைப்பதில்லை, டயரோடு சேர்த்து வாங்க வேண்டியதாகவே நினைக்கிறேன்.

வால்வு என்றதும் ஒன்று. சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்குமே செய்யப்பட்டது. டயர் சூடாகும்போது அழுத்தம் அதைத் தாண்டும் என்பதால் உலோக வால்வு போடச் சொல்லுங்கள். டிஸ்க்குக்கும் சுமை வரம்பும் அழுத்த வரம்பும் உண்டு. 850 கிலோ தாங்கும் டயரை 500 கிலோ தாங்கும் டிஸ்க்கில் மாட்டினால் பயன் 500 தான்.

வயது

ட்ரெய்லர் டயர்கள் பட்டன் தேய்ந்து சாவதில்லை. வருடத்தில் பல மாதம் வண்டி நிற்கிறது. பட்டன் புதுசுபோல இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரைக் கெடுக்கும். அதைத் தடுக்க டயருக்குள் சேர்த்திருக்கும் பொருள், டயர் ஓடி மடங்கும்போதுதான் மேற்பரப்புக்கு நன்றாக வந்து சேரும். நின்றே கிடக்கும் டயரில் அது நடப்பது குறைவு. அதனால் பக்கச் சுவரில் மயிரிழைபோல வெடிப்புகள் தொடங்கும். விரலால் அழுத்திப் பாருங்கள், வெடிப்பு வாய் திறந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ட்ரெய்லர் விஷயத்தில் அந்த எல்லையை எட்டுவதற்கு முன்பே வயது முந்திக்கொள்ளும்.

வயதை அறியப் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்து வருடம் ஆனதும் ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆறைத் தாண்டியதும் மாற்றிவிடுவதே என் யோசனை, சென்னை வெயிலில் நிற்கும் வண்டிக்கு இன்னும் முன்பே. புதிதாக வாங்கும்போது ஆறு மாதத்துக்கு உட்பட்ட தேதியைக் கேட்டு வாங்குங்கள். தயங்க வேண்டாம். இந்த ஊரைச் சுற்றித்தான் டயர் தயாராகிறது. எம்ஆர்எஃப் 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது. இன்று ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜேகே, சியட், கும்மிடிப்பூண்டி அருகே தேர்வாய்கண்டிகையில் மிஷெலின் ஆலைகள் இருக்கின்றன. இத்தனையும் பக்கத்தில் இருக்க, கடையில் இரண்டு வருடம் கிடந்த டயரை நாம் ஏன் வாங்க வேண்டும்?

மாற்றும்போது ஒரு ஆக்சிலின் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரட்டை ஆக்சிலில் ஒரு டயர் வெடித்தால் அதே பக்கத்தில் உள்ள மற்றது சிறிது நேரமாவது இரண்டு பங்கு சுமந்திருக்கும். அதையும் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். ஸ்டெப்னி அதே அளவு, அதே சுமைக் குறியீடு. காருக்குக் கொடுத்த ஜாக்கி ட்ரெய்லரைத் தூக்குமா என்பதை வீட்டு வாசலிலேயே தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

புது டயர் மாட்டிக் கிளம்பினால் 80 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். ஜிஎஸ்டி ரோட்டில் தெற்கே போனால் மேல்மருவத்தூர் அதற்குச் சரியான நிறுத்தம். டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் வண்டியைச் சுற்றி வந்து, புறங்கையை ஒவ்வொரு டயருக்கும் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் அனலாக இருந்தால் காற்று குறைவு, அல்லது பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. காரணம் தெரியாமல் நகர வேண்டாம். மழைக்காலம் முடிந்த பிறகு, பள்ளத்தில் இறங்கி அடிபட்ட டயரின் உள்பக்கச் சுவரில் புடைப்பு வந்திருக்கும். அது வெளியே நின்று பார்த்தால் தெரியாது, குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும்போது டயர்களுக்கு அடியில் பலகை வையுங்கள், முழுக் காற்று இருக்கட்டும், வெயில் படும் பக்கத்தைத் துணி உறையாலோ தட்டியாலோ மறையுங்கள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். பளபளப்புக்காகப் பெட்ரோலிய எண்ணெய் கலந்த பாலிஷ் பூசாதீர்கள், அது ரப்பரைத் தின்னும். சோப்பும் தண்ணீரும் போதும். அப்புறம், சில வாரத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள். மழைத் தண்ணீர் தேங்கும் தெருவாக இருந்தால் அக்டோபருக்கு முன்பே மேடான இடம் பார்த்து மாற்றி நிறுத்திவிடுங்கள். முங்கினால் டயரைவிட முதலில் பேரிங் போய்விடும்.